ட்ரேசர் வன்னிக்கு வருவதா, கட்டி உருண்டை வீதியேறிப் போவதா?

ஆய்வுகூடத்தில் வளர்த்த அரை மில்லிமீற்றர் அளவுள்ள கட்டி உருண்டைக்குள் (புற்றுக்கலங்கள் திரண்ட சிறு உருண்டை) ஒரு கதிரியக்க மருந்து எவ்வளவு போகிறது, எந்த ஆழத்தில் தங்குகிறது என்று பார்க்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது கூர்மையான படம் தரும் என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளிலேயே விடை கிடைத்துவிடும். வட இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ சிறியதொரு கலவளர்ப்பு ஆய்வுகூடத்தை வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் இறங்க நினைப்பவருக்கு அந்த விடை போதாது. அவர் முதலில் பார்க்க வேண்டியது மருந்தின் அரைவாழ்வுக்காலத்தையும் (அதன் கதிர் பாதியாகத் தேயும் நேரம்), தெற்கிலிருந்து வன்னிக்கு வரும் ஏ9 வீதியில் அது கரைக்கப்போகும் மணித்தியாலங்களையும்தான். கூர்மை அதற்குப் பிறகு.

ட்ரேசர் என்று இங்கே சொல்வது அணு மருத்துவப் பிரிவில் நோயாளிக்கு ஏற்றும் அதே மருந்தை. குளுக்கோசு போல நடந்து கலத்துக்குள் சிக்கிக்கொள்ளும் எஃப்டிஜி ஒன்று. இதயத்துக்கும் பராதைரொயிட்டுக்கும் பயன்படும் டெக்னீசியம் செஸ்டமிபி இன்னொன்று. கிண்ணத்தில் வளர்க்கும் சிறு கட்டியை, ஆய்வுகூடத்தில் வழிவழியாகப் பேணும் கலவரிசைகளிலிருந்து வளர்த்தால் அது உருண்டை. நோயாளியின் இழையத்திலிருந்து வளர்த்தால் ஓர்கனொயிட். இலங்கையில் ஆண்களிடையே வாய்ப்புற்று முன்னிலையில் நிற்கிறது, வெற்றிலையும் புகையிலையும் அதன் வேர். பெண்களிடையே மார்பகப் புற்று. வன்னியிலிருந்து தொடங்குகிற ஆய்வு இந்த இரண்டில் ஒன்றைத் தொடுவதே பொருத்தம். நோயாளியின் ஸ்கானில் வைத்தியர் பார்ப்பதையே கிண்ணத்திலும் அளக்க முடிந்தால், ஒரு மருந்து கொடுத்து மூன்றாம் நாள் ட்ரேசர் எடுப்பு குறைகிறதா என்ற கேள்வியை நோயாளியைத் தொடாமலே கேட்டுப் பார்க்கலாம். இந்த வேலைக்கு இவ்வளவு சிரமப்படுவது அதற்காகத்தான்.

வீதியின் கணக்கு

எஃப்டிஜியில் உள்ள புளோரின்-18 இன் அரைவாழ்வுக்காலம் 109.8 நிமிடம். கலியம்-68 இன்னும் குறைவு, ஏறத்தாழ 68 நிமிடம். டெக்னீசியம்-99எம் 6 மணித்தியாலம். காபன்-14 க்கு 5730 ஆண்டு.

கொழும்பில் விடிகாலை 370 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) எஃப்டிஜி கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சிக்கு 7 மணித்தியாலம் ஓடி வந்தால் மிஞ்சுவது 26. அதே அளவு கலியம்-68 மருந்து என்றால் 5. பேராதனையிலிருந்து 740 மெகாபெக்கரல் டெக்னீசியம் புறப்பட்டால், 6 மணித்தியாலம் கழித்து இங்கே 370 இறங்கும்.

26 மெகாபெக்கரல் சிறிய தொகையல்ல. ஒரு தொகுதி உருண்டைகளுக்கு 1 அல்லது 2 போதும். ஆகவே எஃப்டிஜி வரமுடியாது என்று சொல்வது சரியில்லை, வரும். சிக்கல் என்னவென்றால் வந்த பிறகு இரண்டாம் தடவைக்கு இடமே இல்லை. கார்த்திகை, மார்கழி மழையில் வீதியில் தண்ணீர் ஏறி இரண்டு மணித்தியாலம் பிந்தினால் 26 என்பது 12 ஆகிவிடும். அன்றைக்கு உருண்டைகள் சரியான பருமனில் இல்லையென்றால் முழுப் பயணமும் வீண். அதோடு அனுப்புபவர், கொண்டுவருபவர், பெறுபவர் என எல்லோரும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதியோடு இருக்க வேண்டும். எஃப்டிஜியிலிருந்து வரும் 511 கிலோ எலெக்ரன் வோல்ற் காமாவை நூறிலொன்றாகக் குறைக்க 3 சென்ரிமீற்றருக்கு மேல் ஈயம் தேவை. டெக்னீசியத்துக்கு அதே வேலையை 2 மில்லிமீற்றர் ஈயம் செய்துவிடும். வாகனத்தில் ஏற்றி இறக்குபவரின் கைக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

எந்த வழியானாலும் உருண்டை ஒன்றுபோல வளர வேண்டும்

நல்ல ட்ரேசரும் நல்ல கமெராவும் இருந்து, உருண்டைகள் ஏறுமாறாக இருந்ததால் கெட்டுப்போன பரிசோதனைகள் ஏராளம். விட்டம் 10 சதவீதம் கூடினால் கனவளவு 33 சதவீதம் கூடும். அதனால் ட்ரேசர் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு உருண்டையையும் நுண்ணோக்கியில் அளந்து, சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியதை ஒதுக்க வேண்டும். வளர்ப்புப் பிளேட்டின் 96 குழியில் 70 தேறினால் நல்ல பிளேட்.

ஒட்டாத பூச்சுள்ள வட்ட அடிப் பிளேட்டுகள் விலை கூடியவை. சாதாரண தட்டை அடிப் பிளேட்டின் ஒவ்வொரு குழியிலும் 1.5 சதவீத அகரோசு 50 மைக்ரோலீற்றர் சூடாக ஊற்றினால், அது ஓரத்தில் ஏறிக் கிண்ணம்போல உறையும், அதுவே போதும். குழிக்கு 2000 கலங்கள், 200 மைக்ரோலீற்றர் ஊடகம், 200 ஜீ வேகத்தில் 5 நிமிடம் சுழற்சி. நான்காம் நாளில் பெரும்பாலான கலவரிசைகள் 400 மைக்ரோன் சுற்றுவட்டாரத்துக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பாதி ஊடகத்தை மாற்றிக்கொண்டுவந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் 600 தாண்டும். மார்பகப் புற்றுக் கலவரிசைகளில் எம்சிஎஃப்-7 இறுகிய உருண்டை தரும். எம்டிஏ-எம்பி-231 தளர்ந்த கொத்தாகவே நிற்கும். குளிர்ந்த ஊடகத்தில் 2.5 சதவீதம் மற்றிஜெல் (கலங்களைப் பிணைக்கும் புரதக் கூழ்) கலந்தால் பிடிக்கும். மற்றிஜெலை இரவு முழுவதும் 4 பாகையில் ஐஸ் மேல் உருக்க வேண்டும், பிப்பெட் முனையும் குளிர்ந்திருக்க வேண்டும். 10 பாகைக்கு மேல் அது உறையத் தொடங்கும். சித்திரை மாத மத்தியானத்தில் ஐஸ் இல்லாத மேசையில் வைத்தால் குப்பிக்குள்ளேயே கட்டிபட்டுவிடும்.

இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வடிகலத்திலும் ஓட்டோகிளேவிலும் சுண்ணாம்பு படியும், இன்கியூபேட்டரின் தண்ணீர்த் தட்டில் வெள்ளை வளையம் ஏறும். அங்கே வடித்த நீர் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. சோளகக் காற்று தொடங்கினால் தூசு. கலவளர்ப்பு அறையின் முன்வடிகட்டியை அந்த மாதங்களில் அடிக்கடி கழற்றிப் பார்க்காவிட்டால் பூஞ்சணம் வரும்.

டெக்னீசியமும் காமா கவுண்டரும்

படம் தராத வழி இது; குழாயிலிருந்து வரும் காமாக் கதிரைக் கவுண்டர் எண்ணித் தரும், அவ்வளவுதான். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. செஸ்டமிபி நேர்மின்னேற்றமுள்ளது. இழைமணியின் மின்னழுத்தம் அதை உள்ளே இழுக்கிறது, பி-கிளைக்கோபுரதம் வெளியே தள்ளுகிறது. புற்றுக்கலம் மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டுவதற்கு அந்தத் தள்ளுபம்பும் ஒரு காரணம். ஆகவே வெறும் எண்ணிக்கைகூட ஒரு கேள்விக்கு விடை சொல்லும்.

தயாரித்த செஸ்டமிபியை வீதியில் கொண்டுவருவது தவறு. தயாரித்து 6 மணித்தியாலத்துக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். அந்த நேரம் முழுவதும் பயணத்திலேயே போய்விடும். மொலிப்டினம் சிதைந்து டெக்னீசியம் பிறக்கும் ஜெனரேட்டரிலிருந்து எடுத்த பெர்டெக்னெற்றேற்றுக் கரைசலை (மருந்தோடு இன்னும் இணையாத டெக்னீசியம்) கொண்டுவந்து, செஸ்டமிபி கிட் குப்பியை இங்கே மேசையில் சேர்ப்பதே சரி. ஈயக் கூட்டுக்குள் வைத்துக் கொதிநீரில் 10 நிமிடம், பிறகு ஆறவிட வேண்டும். அலுமினா படிந்த மெல்லிய பட்டியில் ஒரு துளி வைத்து எதனோலில் ஓடவிட்டால் செஸ்டமிபி மேலே ஏறும். இணையாத டெக்னீசியம் கீழே நிற்கும். மேல் பகுதியில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு, நேரமும் கால் மணித்தியாலம்கூட இல்லை. இதைத் தவிர்த்துவிட்டுக் கலங்கள் எடுக்கவில்லை என்று எழுதுவது நியாயமில்லை.

கிட்டுக்குள் செப்பு உப்பும் தகரமும் இருக்கின்றன. நோயாளியின் ஐந்து லீற்றர் இரத்தத்தில் அது ஒன்றுமேயில்லை, ஒரு மில்லிலீற்றர் ஊடகத்தில் அது நஞ்சாகலாம். கிட் கரைசல் ஊடகத்தின் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

குழாய்க்கு 24 உருண்டை, 1 மில்லிலீற்றர் ஊடகம், 1 மெகாபெக்கரல், 37 பாகையில் 60 நிமிடம். தட்டையாக வளர்த்த கலப் படலத்துக்கு 30 நிமிடம் போதும், உருண்டைக்கு உள்ளே ஊற நேரம் வேண்டும். பிறகு உருண்டைகளைத் தாமாகப் படியவிட்டு, ஐஸ்குளிர் பிபிஎஸ்ஸால் (கலங்களைக் கழுவும் உப்புக் கரைசல்) மூன்று தடவை கழுவ வேண்டும், எல்லாம் 3 நிமிடத்துக்குள். சூடான கரைசலில் கழுவினால் செஸ்டமிபி ஒழுகிவிடும். கழுவியதும் புதிய குழாய்க்கு மாற்றவும். பழைய குழாயின் சுவரில் ஒட்டியிருப்பது பல வேளைகளில் உருண்டைக்குள் இருப்பதற்கு நிகராக இருக்கும். உருண்டையே இல்லாத குழாய் ஒன்றை எல்லாப் படிகளூடாகவும் கொண்டுபோக வேண்டும். இழைமணியின் மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி 10 மைக்ரோமோலர் இட்ட குழாயில் எடுப்பு விழ வேண்டும். விழாவிட்டால் அளப்பது கலத்தையல்ல, பிளாஸ்ரிக்கை. தள்ளுபம்பை அடைக்கும் வெரபமில் இட்டதில் எடுப்பு ஏறினால் பம்பு வேலை செய்கிறது என்று பொருள்.

கவுண்டரில், ஒப்பிடுவதற்கு வைக்கும் தெரிந்த அளவு நியமக் கரைசலை நூறு மடங்கு ஐதாக்காமல் வைத்தால் கருவி திணறிக் குறைத்துக் காட்டும். அப்போது எடுப்பு விகிதம் பொய்யாக உயரும். டெக்னீசியம் மணித்தியாலத்துக்கு 11 சதவீதம் தேயும். முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் இடையே ஒரு மணித்தியாலம் போயிருந்தால் அதைத் திருத்தியே ஒப்பிட வேண்டும். உருண்டை எண்ணிக்கையால் வகுப்பதைவிட, நுண்ணோக்கியில் அளந்த மொத்தக் கனவளவால் வகுப்பது நல்லது.

இந்த வழியால் சொல்ல முடியாதது ஒன்றுதான், ஆனால் அது பெரியது. ஓரத்து உயிர்க்கலங்களும் ஒட்சிசன் இல்லாத மையமும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். உருண்டை வளர்ப்பதன் நோக்கமே அந்த வேறுபாடு என்றால் அடுத்த வழிக்குத்தான் போக வேண்டும்.

காபன்-14, வெட்டு, பொஸ்பர் பிளேட்

எஃப்டிஜியின் தாய் காபன்-14 இட்ட டீஒக்சிகுளுக்கோசு. மூளையின் குளுக்கோசுப் பயன்பாட்டை அதைக் கொண்டு அளக்கும் முறையை லூயிஸ் சொக்கொலொஃப் குழு 1977 இல் முழுமையாக வெளியிட்டது. அதே எண்ணத்தை உயிருள்ள மனிதரில் செய்து பார்க்கவே காபனுக்குப் பதிலாகப் புளோரின்-18 ஏற்றினார்கள். 1976 ஓகஸ்ற் மாதத்தில் பென்சில்வேனியாவில் முதல் மனிதருக்கு எஃப்டிஜி ஏற்றப்பட்டது. உடலுக்கு வெளியிலிருந்து கதிரைப் பிடிக்க வேண்டியிருந்ததால்தான் புளோரின் தேவைப்பட்டது. கிண்ணத்தில் உருண்டையை வெட்டிப் பார்க்க முடியும் என்றால் அந்தத் தேவை இல்லை. வீதித் தொல்லையும் இல்லை: குப்பி குளிர்ப்பெட்டியில் மாதக்கணக்காகக் காத்திருக்கும், உருண்டை ஆயத்தமான நாளில் பரிசோதனை நடக்கும்.

கதிர் குறைவாயிற்றே, படம் விழுமா என்று கேட்பார்கள். கணக்கைப் பார்த்துவிடலாம். உருண்டை ஊடகத்தைவிட ஐந்து மடங்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 மைக்ரோன் உருண்டையின் நடுவெட்டு, 20 மைக்ரோன் தடிப்பு என்றால் அதன் கனவளவு 5.65 நனோலீற்றர். ஊடகத்தில் மில்லிலீற்றருக்கு 1 மெகாபெக்கரல் எஃப்டிஜி இருந்தால் அந்த வெட்டில் 28 பெக்கரல் இருக்கும். உறையவைத்து, வெட்டி, பொஸ்பர் பிளேட்டில் (கதிர் பட்ட இடங்களைப் பதிந்து வைத்து, வாசிப்பியில் படமாகத் தரும் தகடு) வைக்க ஒரு மணித்தியாலம் போனால், அதன் பிறகு எத்தனை நாள் வைத்தாலும் நடக்கும் மொத்தச் சிதைவு ஏறத்தாழ 1.8 இலட்சம். காபன்-14 ஊடகத்தில் மில்லிலீற்றருக்கு வெறும் 37 கிலோபெக்கரல் என்றாலும் வெட்டில் 1 பெக்கரல் இருக்கும்; ஏழு நாளில் 6 இலட்சத்துக்கு மேல் சிதைவு. பொறுமையாக இருந்தால் காபனே அதிகம் தருகிறது. அதன் பீற்றாக் கதிரின் உச்சம் 156 கிலோ எலெக்ரன் வோல்ற், புளோரினின் பொசித்திரன் 634. குறைந்த சக்தி குறைந்த தூரமே பரவும், படமும் கூர்மையாகும்.

செய்முறை இது. குளுக்கோசு இல்லாத ஊடகத்தில் 30 நிமிடம், பிறகு ட்ரேசரோடு 60 நிமிடம், குளிர் பிபிஎஸ்ஸில் மூன்று கழுவல். சாதாரண உயர்குளுக்கோசு ஊடகத்தில் லீற்றருக்கு 4.5 கிராம் குளுக்கோசு, இரத்தத்தில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. அதைக் கழுவி அகற்ற மறந்தால் ட்ரேசருக்கு வாசல் கிடைக்காது. அந்த வாசலை அடைக்கும் சைற்றோகலாசின்-பி இட்ட உருண்டைகள் கட்டுப்பாடாக இருக்கட்டும். உருண்டைகளை உறைபசையில் அமிழ்த்தி, திரவ நைதரசனால் குளிர்ந்த ஐசோபென்ரேனில் உறையவைக்க வேண்டும். நேரே நைதரசனில் போட்டால் ஆவிப் போர்வை சூழ்ந்து உறைதல் ஏறுமாறாகி, உறைபசைக் கட்டி வெடிக்கும். −20 பாகையில் 20 மைக்ரோன் வெட்டு, கண்ணாடியில் ஒற்றி, சூட்டுத் தட்டில் உடனே உலர்த்தல். ஃபோர்மலினில் போடக் கூடாது. கலத்துக்குள் சிக்கிய டீஒக்சிகுளுக்கோசு-பொசுபேற்று நீரில் கரைந்துவிடும். ஈரம் பட்டால் ஓரத்துக்கும் மையத்துக்கும் இடையே ஊறிப் பரவி, அழகான ஆனால் பொய்யான படத்தைத் தரும். சாயம் ஏற்றுவதெல்லாம் பிளேட்டிலிருந்து எடுத்த பிறகுதான். அதே வெட்டை ஹீமடொக்சிலின் இயோசினில் தோய்த்து இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் உயிருள்ள ஓரம் எது, இறந்த மையம் எது என்று பிரியும்.

பொஸ்பர் பிளேட்டை வைப்பதற்கு முன் வெள்ளை ஒளியில் அழிக்க வேண்டும். தெரிந்த அளவு கதிர் கொண்ட காபன்-14 நியமப் பட்டியையும் அதே பிளேட்டில் வைக்க வேண்டும். பதிந்த படம் வெப்பத்தில் மங்கும். வன்னி வெயிலில் திறந்த அறையில் ஏழு நாள் வைப்பதும் குளிரறையில் வைப்பதும் ஒன்றல்ல. காற்றுப்புகாத பையில் உலர்த்தியோடு 4 பாகையில் வைத்து, பை மூடியிருக்கும்போதே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறந்தால் பனிநீர் படியாது. இந்த வழியின் பெரிய ஆறுதல் ஒன்று: வெட்டு உலர்ந்த பிறகு கரண்ட் போனாலும் பரிசோதனை சாகாது. மின்வெட்டின்போது காப்பாற்ற வேண்டியது கிரையோஸ்டாட்டில் (உறையவைத்து வெட்டும் கருவி) இருக்கும் வெட்டாத உறைபசைக் கட்டியை மட்டும்தான். அதற்கு ஒரு உலர்பனிப் பெட்டி போதும்.

25 மைக்ரோன் புள்ளியில் வாசித்தாலும் உண்மையான கூர்மை 100 மைக்ரோனுக்குக் கிட்டத்தான் நிற்கும். ஆகவே 300 மைக்ரோன் உருண்டைக்கு இது சரிவராது, 600 இலிருந்து 800 வரை வளர்க்க வேண்டும். வைத்தியசாலைகளில் எக்ஸ்ரேக்குப் பயன்படும் பிளேட்டும் இதே தத்துவம்தானே என்று சிலர் கேட்பார்கள். அதன் புள்ளி பெரும்பாலும் 100 மைக்ரோன். முழு உருண்டையும் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிடும். நோயாளிக்குப் பயன்படும் பிளேட்டில் காபன்-14 தூசு படியவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

குறைகள் இரண்டு. டீஒக்சிகுளுக்கோசும் எஃப்டிஜியும் ஒரே வேகத்தில் உள்ளே போவதில்லை, ஒரே வேகத்தில் பொசுபேற்றேறுவதுமில்லை. இங்கே கிடைத்த எண்ணை நோயாளியின் ஸ்கான் எண்ணோடு நேரே ஒப்பிடக் கூடாது. மருந்து கொடுத்த உருண்டையையும் கொடுக்காத உருண்டையையும் ஒப்பிட மட்டுமே உரிமை உண்டு. இரண்டாவது கழிவு. 5730 ஆண்டு அரைவாழ்வுள்ளதைப் பூட்டி வைத்துத் தேயவிட முடியாது. ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், 37 கிலோபெக்கரல் என்று சுருக்கினால் 1.85 மெகாபெக்கரல் குப்பி 50 தடவைக்கு வரும். கழிவு எங்கே போகும் என்பதை அனுமதி விண்ணப்பத்திலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் குப்பி வாங்க வேண்டும்.

எஃப்டிஜியும் கதிரொளிர் நுண்ணோக்கியும்

கூர்மையில் இதை வெல்ல மற்றவற்றால் முடியாது. கதிர் பட்டால் ஒளிரும் மெல்லிய பளிங்கின் மேல் உருண்டை இருக்கும், கீழே உயர் துளையளவுள்ள நுண்ணோக்கி வில்லை, அதன் பின்னால் ஒற்றை ஒளித்துணுக்கையும் பெருக்கிக் காட்டும் குளிரூட்டிய கமெரா. ஒவ்வொரு பொசித்திரனும் பளிங்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு மின்னல். சில பத்து மில்லிசெக்கன்கள் கொண்ட ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொரு மின்னலையும் புள்ளியாகக் குறித்துக் கூட்டினால் ஒற்றைக் கலத்தின் அளவுக்கு எடுப்பு வரைபடம் கிடைக்கும். ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் 2012 இல் அரை மில்லிமீற்றர்க் கட்மியம் தங்ஸ்தேற்றுப் பளிங்கில் இதைக் காட்டினார்கள். 2021 இல் நோயாளிகளிடமிருந்து வளர்த்த ஓர்கனொயிட்டுகளிலும் செய்தார்கள். உருண்டை உயிரோடிருக்கும், வெட்டத் தேவையில்லை, மருத்துவத்தில் பயன்படும் ட்ரேசரே பயன்படுகிறது.

பளிங்கோடு ஒட்டியிருக்கும் அடுக்கு மட்டும்தான் கூர்மையாகத் தெரியும். 200 மைக்ரோனுக்கு மேற்பட்ட உருண்டையின் மேல் பாதி வெறும் மூடுபனி. உருண்டைக்கும் பளிங்குக்கும் இடையே கழுவப்படாத எஃப்டிஜி மென்படலம் இருந்தால் எங்கும் ஒரே ஒளி. பளிங்கின் ஓரம் உடைந்தால் கட்மியத் துகள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மாரியில் ஈரப்பதன் ஏறும்போது குளிர்ந்த கமெராவின் முகப்பில் பனிநீர் படியும். டெக்னீசியத்துக்கு இக்கருவி பயன்படாது, அது தருவது பெரும்பாலும் காமா. ஆகவே கருவியை வன்னியில் வாங்கி வைத்தால், மாதத்துக்கு ஒருநாள் வரக்கூடிய எஃப்டிஜிக்காக அது மற்ற நாளெல்லாம் தூசு படிந்திருக்கும். ட்ரேசர் இருக்கும் கட்டடத்துக்குள்தான் இதற்கு இடம்.

சிறுவிலங்கு பெற் (PET) ஸ்கானர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கூர்மை பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்கு மேல், 0.6 மில்லிமீற்றர் உருண்டையின் சமிக்ஞை பரந்து, உச்சம் பத்திலொன்றிலும் குறைவாகச் சரியும். வேகமான துணிக்கைகள் எழுப்பும் மங்கிய ஒளியைப் பிடிக்கும் செரென்கோவ் ஒளிப்படம் தண்ணீரில் 261 கிலோ எலெக்ரன் வோல்ற்றுக்கு மேலுள்ள கதிருக்கே பிறக்கும். காபன்-14 க்கு ஒளியே இல்லை, புளோரினுக்குச் சொற்பம். ஒளிரும் குளுக்கோசு ஒப்புமையான 2-என்பிடிஜி கதிர் இல்லாதது, அனுமதி தேவையில்லை. ஆனால் குளுக்கோசுக் கடத்திகளைச் சாராமலும் உள்ளே போகும் என்பதால் மாணவர் கைப்பழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உருண்டையை ஏற்றி அனுப்புதல்

ட்ரேசருக்கு நிமிடக் கணக்கு, உருண்டைக்கு நாள்க் கணக்கு. இதை ஏற்றுக்கொண்டால் எஃப்டிஜி பரிசோதனையின் வழி தலைகீழாகும்: வளர்ப்பு இங்கே, ட்ரேசர் ஏற்றுவது அங்கே. கதிரியக்க அனுமதியும் ஈயமும் கழிவும் ஏற்கெனவே அவை உள்ள நிறுவனத்திலேயே நின்றுவிடும். வீதியில் போவது கதிரில்லாத கலங்கள்.

96 குழிப் பிளேட்டை அப்படியே வாகனத்தில் வைத்தால் தளும்பும். ஒரு குழி உருண்டை மறு குழிக்குத் தாவும். உருண்டைகளை அகரோசு நுண்குழி அச்சில் இறக்கி, சிறிய வளர்ப்புக் குடுவைக்குள் வைத்து, கழுத்துவரை ஊடகம் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் இறுக்கி மூட வேண்டும். காற்று இல்லையென்றால் தளும்பல் இல்லை. மூடிய குடுவையிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறாது. ஆனாலும் பீஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் 25 மில்லிமோலர் சேர்ப்பது பாதுகாப்பு. சாதாரணக் காற்றில் பீஎச் தாங்கும் லீபோவிட்ஸ் எல்-15 ஊடகமும் உகந்தது.

வெப்பத்தில் வன்னிக்கு ஒரு வசதி உண்டு. வெளியே 33 பாகை என்றால் 37 பாகை நீர் நிரப்பிய நாலு ஒரு லீற்றர்ப் போத்தல்கள் தடித்த நுரைப்பெட்டிக்குள் வெகுநேரம் வெப்பத்தை விடாது பிடித்திருக்கும். குளிர்ந்துவிடும் என்ற அச்சம் இல்லை. அச்சமெல்லாம் எதிர்ப்பக்கம்: தேநீருக்கு நிறுத்திய வாகனம் வெயிலில் கால் மணித்தியாலம் நின்றால் உள்ளே 45 தாண்டும். பெட்டிக்குள் வெப்பப் பதிவி ஒன்று கட்டாயம். 39 பாகையைத் தாண்டிய பெட்டியின் உருண்டைகளை அளப்பதில் பயனில்லை.

போய்ச் சேர்ந்த கையோடு ட்ரேசர் ஏற்றக் கூடாது. வெப்பமும் ஒட்சிசன் குறைவும் குளுக்கோசு எடுப்பைத் தாமே ஏற்றிவிடும். பயணத்தின் களைப்பு மருந்தின் விளைவுபோலத் தோன்றும். ஊடகம் மாற்றி, அங்குள்ள இன்கியூபேட்டரில் ஒரு இரவு வைத்து மறுநாள் தொடங்க வேண்டும். அதே தொகுதியில் ஒரு பகுதியை இங்கேயே நிறுத்தி, இரண்டிலும் விட்டத்தையும் உயிர்ச்சாயத்தையும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத பயண உருண்டைத் தரவை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கருத்து.

நோயாளியின் இழையத்துக்கும் இதே வீதிதான், எதிர்த்திசையில். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். நுண்ணுயிர்கொல்லி சேர்த்த ஊடகத்தில் 4 பாகையில் வைத்தால் இழையம் தாங்கும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் அதற்கு முன்னரே கையில் இருக்க வேண்டும். வாய்ப்புற்று இழையத்தில் வாயின் நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பதால் மூன்று தடவையாவது கழுவாமல் இன்கியூபேட்டருக்குள் கொண்டுபோகக் கூடாது.

எதில் கை வைப்பது

கலவளர்ப்பு மட்டும் இருக்கிறது, கதிரியக்க அனுமதி இல்லை என்ற நிலையில் உருண்டைகளை அனுப்பும் வழியே முதல் வழி. ஒரு காமா கவுண்டரும் பூட்டக்கூடிய அறையும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் உண்டென்றால் டெக்னீசியம். கிரையோஸ்டாட் ஏற்கெனவே இருக்கும் பீடம், பொஸ்பர் பிளேட் வாசிப்பியை யாருடனாவது பகிர்ந்துகொள்ள முடிந்தால் காபன்-14. எங்கள் தெரிவைக் கேட்டால், படம் இல்லை என்ற மனக்குறை இருந்தாலும் டெக்னீசியத்தில் தொடங்குவோம். கழுவல், கட்டுப்பாடு, தேய்வுத் திருத்தம் மூன்றிலும் கை படிவது அங்கேதான். பிழை நடந்தாலும் அறுபது மணித்தியாலத்தில் பத்து அரைவாழ்வு கழிந்து, ஆயிரத்திலொன்றாகிவிடும். ஒரே உருண்டைத் தொகுதி மூன்று வெவ்வேறு வாரங்களில் 15 சதவீதத்துக்குள் ஒரே எண் தந்த பிறகு காபன்-14 க்குப் போகலாம். ஓரமும் மையமும் பிரிந்து தெரியும் வெட்டு கையில் இருக்கும்போது எஃப்டிஜி நுண்ணோக்கி உள்ள குழுவிடம் உருண்டைகளோடு போனால், அவர்களுக்கும் உங்களோடு வேலை செய்ய ஒரு காரணம் கிடைக்கும்.

டெக்னீசியத்துக்கு வியாழக்கிழமை நல்ல நாள். விடிகாலை பேராதனையில் எடுத்த கரைசல் மத்தியானம் கிளிநொச்சிக்கு வரும், கிட் சேர்ப்பும் பட்டிச் சோதனையும் ஒரு மணிக்குள் முடியும், உருண்டைகள் மூன்று மணிக்குக் கவுண்டரில் இருக்கும். கையுறையும் குழாயும் முனைகளும் திகதி எழுதிய பையில் ஈயப் பெட்டிக்குள் போகட்டும். திங்கள் காலை அளவுமானியில் பின்னணிக்கு மேல் ஒன்றும் காட்டாவிட்டால், கதிர்க் குறியைக் கிழித்துவிட்டுச் சாதாரண உயிரியல் கழிவோடு ஓட்டோகிளேவுக்கு அனுப்பலாம்.